கோரிக்கை ஏதும் இல்லை

லெனின்கிராத், 11 பிப்ரவரி 1979

அன்புள்ள அப்பாவுக்கு,

ரிம்மா எழுதிக்கொள்வது. எஃபிம், கிரிஷா, மாமியார், நான் எல்லோரும் சுகம். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? நான் அனுப்பிய கம்பளிப் பட்டையைக் கட்டிக்கொள்கிறீர்களா, இல்லை மெடல்களோடு அதையும் இழுப்பறையில் பூட்டி வைத்துவிட்டீர்களா? இந்தக் கடிதத்தை வழியில் பிரித்துப் படிக்கும் தோழருக்கும் என் வணக்கம். அவருக்கும் மூட்டுவலி இருந்தால் சொல்லுங்கள், இன்னொன்று பின்னித் தருகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். நாங்கள் நாட்டை விட்டுப் போகப்போகிறோம். எஃபிமின் பெரியம்மா இஸ்ரேலிலிருந்து அழைப்பு அனுப்பிவிட்டாள். வியன்னா வரை போய்ச் சேர்ந்தால் அதன்பிறகு அமெரிக்காவோ எதுவோ பார்த்துக்கொள்ளலாம் என்கிறார் உங்கள் மருமகன். காரணம் உங்களுக்கே தெரியும். எங்கள் யூதக் குடும்பப் பெயரோடு உங்கள் பேரன் கிரிஷாவைப் பல்கலைக்கழகக் கணிதத் துறைக்குள் விடமாட்டார்கள். அக்டோபரில் அவனுக்குப் பதினெட்டு. படிப்பு இல்லையென்றால் ராணுவம். ராணுவத்தில் ஒரு வருடம் இருந்துவிட்டால் போதும், ரகசியம் தெரிந்தவன் என்று சொல்லி அப்புறம் எத்தனை வருடமானாலும் வெளியே விடமாட்டார்கள்.

என் விண்ணப்பத்துக்கு உங்களிடமிருந்து ஒரு தாள் வேண்டும். "என் மகள் வெளிநாடு போவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, அவளிடம் எனக்குக் கோரிக்கை ஏதும் இல்லை" என்று எழுதி, கீழே உங்கள் கையெழுத்து, அதற்கும் கீழே நீங்கள் வேலை செய்யும் இடத்தின் முத்திரை. எனக்கு நாற்பது வயது அப்பா, ஆனாலும் அப்பாவின் சம்மதம் இல்லாமல் என் விண்ணப்பத்தைக் கையால்கூடத் தொடமாட்டார்களாம்.

உங்கள் நிறுவனத்தில் முத்திரை கேட்பது லேசான காரியம் இல்லை என்று தெரியும். தெரிந்துதான் கேட்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் ரிம்மா


அஞ்சல் பெட்டி, 19 மார்ச் 1979

அம்மாடி ரிம்மா,

உன் கடிதம் கையில் கிடைத்தது. நான் நன்றாகத்தான் இருக்கிறேன். பட்டையைக் கட்டிக்கொண்டு பனிச்சறுக்குக்கே போய்வந்தேன், ஏரியின் மறுகரை வரை. வழியில் படிப்பவரைப் பற்றிக் கேலி எழுதாதே. உனக்கு விளையாட்டாக இருக்கும், இங்கே யாரும் சிரிப்பதில்லை.

இங்கே கிழவிக்குத்தான் உடம்பு சரியில்லை. பயப்படாதே, எங்கள் இயந்திரத்தைத்தான் சொல்கிறேன். காந்தச் சுருளுக்குள் சூரியன் அளவு சூட்டைப் பிடித்து வைக்கிறோம், அவள் இரண்டு இருமல் இருமிவிட்டு எல்லாவற்றையும் கொட்டிவிடுகிறாள். இளைஞர்கள் கணக்கைத் திருப்பித் திருப்பிப் போடுகிறார்கள். நான் சுருளின் மேல் காதை வைத்துக் கேட்கிறேன். "ஆர்செனி விக்தொரொவிச், டாக்டர் மாதிரியே இருக்கீங்க" என்று ஒரு பெண் கிண்டல் செய்கிறாள். இருக்கட்டும்.

உப்புக் காளான் ஒரு ஜாடி அனுப்பியிருக்கிறேன். கிரிஷாவுக்குப் பிடிக்குமே.

நீ கேட்டதைப் படித்தேன். அவசரப்படாதே. பனி உருகட்டும்.

எல்லோருக்கும் என் ஆசிகள்.

அப்பா


லெனின்கிராத், 8 ஏப்ரல் 1979

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் ஒருவாறு நலம். காளான் வந்தது, ஒரே நாளில் ஜாடி காலி. இங்கே பனி உருகிவிட்டது. அங்கே?

எஃபிம், கிரிஷா, மாமியார் மூவரின் விண்ணப்பமும் ஏற்கப்பட்டுவிட்டது. கிரிஷாவுக்கு நான் சம்மதம் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. மதியம் போனேன், மாலைக்குள் முத்திரையோடு வீட்டுக்கு வந்துவிட்டேன். பெற்ற பிள்ளையைப் போகவிட ஒரு மதியம்தான் ஆகிறது அப்பா, நம்புங்கள். என்னுடையது மட்டும்தான் மேசையில் கிடக்கிறது.

வேலையிலும் தெரிந்துவிட்டது. பல் மருத்துவமனையில் கூட்டம் போட்டார்கள். தலைமை மருத்துவர் எழுந்து, "ரிம்மா ஆர்செனியெவ்னா, இத்தன வருஷம் இந்த நாட்டு ரொட்டியத் தின்னுட்டு, இப்ப யாரு பல்லப் பிடுங்கப் போறீங்க?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பழக்கதோஷத்தில் நானும் சிரித்துவிட்டேன். அதுதான் இன்னும் நெஞ்சை அறுக்கிறது. இப்போது ஒரு கட்டடத்தின் கொதிகலன் அறையில் வேலை. நிலக்கரி அள்ளிப் போடவேண்டும், அழுத்தமானியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். உங்களுக்கு என்னைக் கண்டால் பெருமையாக இருக்கும், ஒரு வழியாக நானும் வெப்பத்துறைக்கு வந்துவிட்டேன்.

வேடிக்கை போதும். அவர்களுக்கு ஜூனில் விசா வந்துவிடும் என்கிறார்கள். அதற்குள் உங்கள் தாள் வேண்டும்.

உங்கள் பதிலையே பார்த்துக்கொண்டிருக்கும்,
ரிம்மா


அஞ்சல் பெட்டி, 27 மே 1979

அம்மாடி,

நலம்தானே? பதில் தாமதமானதற்குக் கோபித்துக்கொள்ளாதே. எழுதி எழுதிக் கிழித்தேன். இதையாவது கிழிக்காமல் அனுப்புகிறேன்.

என் புத்தகம் அச்சாகப்போகிறது. காந்தப் புலத்தில் பிளாஸ்மாவின் நிலைத்தன்மை பற்றியது. முப்பது வருடமாக நான் எழுதியதெல்லாம் எண் போட்ட அறிக்கைகள். நானே எழுதியதை நானே படிக்கவேண்டும் என்றாலும் முதல் பிரிவு என்கிற ரகசியக் காப்பகத்தில் கையெழுத்துப் போட்டு வாங்கி, மாலையில் திருப்பிக் கொடுக்கவேண்டும். வெளியுலகில் ஆர்செனி தூமனோவ் என்று ஒருவன் பிறந்ததாக ஒரு தாளிலும் இல்லை. சின்ன வயதில் நீ என்னைத் தபால்காரன் என்று நினைத்துக்கொண்டிருந்தாய், முகவரி வெறும் அஞ்சல் பெட்டியாக இருந்ததால். உன் அம்மா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். இப்போதுதான் ரகசியத்தை விலக்கியிருக்கிறார்கள். என் பெயர் அட்டையில் வரும்.

முத்திரை விஷயமாக இயக்குநர் லூகிச்சிடம் சாடைமாடையாகக் கேட்டுப் பார்த்தேன். அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். "ஆர்செனி, நீ இப்ப கேட்டத நான் கேக்கல. உன் புஸ்தகம் அச்சுக்கூடத்துல இருக்கு. பொண்ணு நாட்ட விட்டு ஓடிப்போறவன்னு தெரிஞ்சா அன்னிக்கே எழுத்தக் கோத்ததெல்லாம் கலைச்சிருவாங்க" என்றார். அவர் கெட்டவர் இல்லை. உள்ளதைச் சொன்னார்.

ஆகஸ்டில் புத்தகம் வந்துவிடும். அதன்பின் கையெழுத்துப் போடுகிறேன். இரண்டு மாதம்தான் அம்மா. எஃபிம் முன்னால் போகட்டும், நீயும் கிரிஷாவும் பின்னால் போகலாமே.

அன்புடன்,
அப்பா


லெனின்கிராத், 2 ஜூலை 1979

அப்பாவுக்கு,

நான் நலம். நான் மட்டும்தான் வீட்டில் இருக்கிறேன், அதனால் வேறு யாருடைய நலத்தையும் எழுத முடியாது.

கிரிஷாவை நிறுத்திவைக்கச் சொன்னீர்கள். அக்டோபரில் அவனுக்குப் பதினெட்டு என்று எழுதியிருந்தேனே, மறந்துவிட்டீர்களா, அல்லது உங்கள் கணக்கில் அது வரவில்லையா? விசாவுக்குக் கெடு உண்டு. ஜூன் கடைசியில் மூவரையும் அனுப்பிவைத்துவிட்டேன்.

பெட்டிகளைக் கட்டியபிறகு வழக்கப்படி எல்லோரும் அவற்றின் மேல் ஒரு நிமிடம் உட்கார்ந்தோம். எழுந்திருக்க மாமியாருக்கு மனசு வரவில்லை. "ரிம்மா, நீயும் ஒரு பெட்டியத் தூக்கிக்கோயேன், யாரு கண்டுபிடிக்கப் போறாங்க" என்றாள். சுங்கத்தில் கிரிஷாவின் கணக்கு நோட்டுகளைப் பிடுங்கி வைத்துக்கொண்டார்கள். "என்னடா இது, சங்கேதமா?" "இல்லீங்க, முக்கோணவியல்." அதற்கும் ஒரு அதிகாரியைக் கூப்பிட்டு வந்து பார்க்கச் சொன்னார்கள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் போனபிறகு அவன் வாயசைத்து ஏதோ சொன்னான். எனக்குப் புரியவில்லை. புரிந்தமாதிரித் தலையை ஆட்டினேன்.

அம்மா இறந்தபோது நீங்கள் வரவில்லை. கிழவிக்கு அந்த வாரம் சோதனை ஓட்டம். நான் தனியாக நின்று புதைத்தேன். அதை மறந்துவிட்டேன் என்றுதான் இத்தனை வருடம் நினைத்திருந்தேன். மறக்கவில்லை போலிருக்கிறது.

ஆகஸ்ட் என்று சொல்லியிருக்கிறீர்கள். ஆகஸ்டுக்காகக் காத்திருக்கிறேன்.

ரிம்மா


அஞ்சல் பெட்டி, 16 செப்டம்பர் 1979

என் ரிம்மாவுக்கு,

நீ நலமாக இருக்கவேண்டும். இந்த உறைக்குள் அந்தத் தாள் இருக்கிறது. கையெழுத்து, முத்திரை இரண்டும் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்.

புத்தகம் வந்தது. பச்சை அட்டை. பெயரைக் கொஞ்சம் சின்னதாகத்தான் போட்டிருக்கிறார்கள். இரண்டு நாள் மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன், மூன்றாம் நாள் பணியாளர் அலுவலகத்துக்குப் போனேன். அங்கே கர்ப்பூகின் என்று ஒருவன், மேஜராக இருந்து ஓய்வு பெற்றவன். தாளைப் படித்துவிட்டு, "யோசிச்சுத்தான் வந்தீங்களா?" என்றான். யோசித்துத்தான் என்றேன். "உங்க பொண்ணு அங்க போயி உங்களுக்கு என்ன அனுப்பப்போறா, ஜீன்ஸா?" "எனக்கு இடுப்பு பத்தாது" என்றேன். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. முத்திரையை மையில் தோய்த்து ஓங்கிக் குத்தினான்.

முன்பே செய்திருக்கவேண்டும். எழுத வேறொன்றும் இல்லை. சீக்கிரம் கொண்டுபோய்க் கொடு.

அப்பா


லெனின்கிராத், 30 செப்டம்பர் 1979

என் அருமை அப்பாவுக்கு,

ஆயிரம் முத்தங்கள். நீங்கள் சுகமா? நான் சுகம், சுகம், சுகம். விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டேன். விசா அலுவலகத்து அம்மாள் தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரியா இருக்கு. வருஷக் கடைசிக்குள்ள வந்துரும்" என்றாள். தெருவுக்கு வந்து, நின்றபடியே ஐஸ்கிரீம் வாங்கித் தின்றேன். மழை பெய்துகொண்டிருந்தது.

ஜூலையில் எழுதியதையெல்லாம் கிழித்துப் போடுங்கள். எனக்கு நாக்கு நீளம், அம்மாவே சொல்வாள். உங்களுக்கு அங்கே என்ன நடக்கும் என்று தெரிந்தும் கையெழுத்துப் போட்டுத் தந்தீர்கள். வேறு எந்த அப்பாவும் போடமாட்டார். கொதிகலன் அறையில் என்னோடு ஒருவர் வேலை செய்கிறார், அவரும் முன்பு இயற்பியல்காரர்தான். அவருடைய அப்பா வருடக்கணக்காகப் போடவில்லை. உங்களைப் பற்றிச் சொன்னேன். "கொடுத்து வைச்சவங்கம்மா நீங்க" என்றார்.

கிரிஷா ரோமிலிருந்து எழுதியிருக்கிறான். சந்தையில் நம் கேமராவை விற்று ஆரஞ்சு வாங்கினார்களாம். உங்களைக் கேட்டிருக்கிறான்.

அங்கே உங்களை என்ன செய்கிறார்கள்? மறைக்காமல் எழுதுங்கள்.

உங்கள் மகள் ரிம்மா


அஞ்சல் பெட்டி, 9 டிசம்பர் 1979

அம்மாடி ரிம்மா,

நலம். உன் நலத்தை எழுது. மறைக்காமல் எழுதச் சொன்னாய், எழுதுகிறேன்.

நுழைவு அட்டையை வாங்கிக்கொண்டார்கள். இப்போது ஆலோசகர் என்று ஒரு பெயர், போக இடம் கிடையாது. புத்தகத்தைக் கடைகளிலிருந்து திருப்பி எடுத்துவிட்டார்கள். என்னிடம் இருக்கும் பிரதிகள் மட்டும்தான் மிச்சம். அது போகட்டும். காலையில் பழக்கத்தில் எழுந்து கிளம்பி வாசல் சோதனைச்சாவடி வரை போய்விடுகிறேன். காவலுக்கு நிற்கிற பையன், "இன்னிக்கும் இல்லீங்க தாத்தா" என்கிறான். திரும்பி வருகிறேன். கிழவியின் சத்தம் மதில் தாண்டிக் கேட்கிறது. யாரோ மின்னோட்டத்தைத் தப்பாக ஏற்றுகிறார்கள். இங்கே நின்றே எனக்குத் தெரிகிறது, உள்ளே போய்ச் சொல்லத்தான் முடியவில்லை.

எதிர்வீட்டு ஆட்கள் என்னோடு மாடிப்படியில் பேசுவதில்லை. ரேடியோவோடு பேசிக்கொண்டிருக்கிறேன்.

நேற்று லூகிச் வந்தார், கேக் வாங்கிக்கொண்டு. வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். "நீ இல்லாம கிழவி யாருக்கும் படிய மாட்டேங்கறா ஆர்செனி. வசந்தத்துல மாஸ்கோகாரங்க பாக்க வர்றாங்க, நான் என்னத்தக் காட்டுவேன்" என்றார். வேறு சிலவும் பேசினோம்.

குளிர் அதிகம். நீ கழுத்தை மூடிக்கொண்டு போ.

அப்பா


லெனின்கிராத், 20 ஜனவரி 1980

அன்புள்ள அப்பாவுக்கு,

நலமா? உங்கள் கடிதத்தைப் படித்து அழுதேன். எனக்காகத்தானே இவ்வளவும்.

எனக்கு மறுத்துவிட்டார்கள். ஒரு வரிதான். வெளியேற அனுமதி இல்லை. காரணம் கேட்டேன், சொல்லமாட்டோம் என்றார்கள். ஆப்கானிஸ்தானுக்குப் படை போனதிலிருந்து எல்லோருக்கும் இதேதான் என்று கொதிகலன் அறையில் பேசிக்கொள்கிறார்கள். கிரிஷா இங்கே இருந்திருந்தால் இந்நேரம் அங்கேதான் போயிருப்பான். அதை நினைத்து மனசைத் தேற்றிக்கொள்கிறேன்.

மறுபரிசீலனைக்கு எழுதிப் போட்டிருக்கிறேன். உங்கள் கையெழுத்துதான் என் பலம். அது இருக்கும்வரை கேட்டுக்கொண்டே இருப்பேன்.

ரிம்மா


அஞ்சல் பெட்டி, 24 பிப்ரவரி 1980

அம்மாடி,

நலமாக இருப்பாய் என நம்புகிறேன். உன் செய்தி வருத்தம் தந்தது. காலம் அப்படி இருக்கிறது, யாரைக் குறைசொல்வது.

இங்கே நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. எனக்கு நுழைவு அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். என் பழைய மேசை, பழைய நாற்காலி, எல்லாம் அப்படியே இருக்கிறது. கிழவி என்னைப் பார்த்ததும் அடங்கிவிட்டாள். எல்லோரும் கைதட்டினார்கள், நேற்று முழுதும் ஒரு இருமல் இல்லை. புத்தகமும் மறுபடி கடைக்குப் போகிறது. உனக்கு ஒரு பிரதி தனியே அனுப்பியிருக்கிறேன். மேலிடத்தில் யோசித்துப் பார்த்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

ஒன்று சொல்வேன், கோபப்படாதே. மறுபரிசீலனை, அது இது என்று அலைந்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. கிரிஷா வளர்ந்தவன், அவனுக்கு அப்பா இருக்கிறார். எனக்கும் வயதாகிறது. ஒரே நாட்டில் நாம் இருவரும் இருப்பது நல்லதுதான் என்று சிலசமயம் தோன்றுகிறது.

இனிப்பு ஏதாவது வாங்கிச் சாப்பிடு.

அப்பா


லெனின்கிராத், 30 மார்ச் 1980

ஆர்செனி விக்தொரொவிச் அவர்களுக்கு,

நான் நலம். நீங்களும் நலம் என்று உங்கள் கடிதத்திலிருந்து தெரிகிறது.

விசா அலுவலகத்துக்குப் போனேன். இந்தமுறை நான் கொஞ்சம் சத்தம் போட்டுவிட்டேன். "எல்லாத் தாளும் குடுத்தாச்சு, எங்கப்பா வேலையப் பணயம் வைச்சுக் கையெழுத்துப் போட்டிருக்காரு, இன்னும் என்னதான் வேணும் உங்களுக்கு?" என்றேன். அந்த அம்மாள் பேனாவைக் கீழே வைத்தாள். "எங்களத் திட்டாதீங்க. உங்கப்பாவே திருப்பி எழுதிக் குடுத்துட்டாரே, தெரியாதா?" என்றாள். நான் நம்பவில்லை. அவளுக்கே என்னைப் பார்க்கப் பாவமாக இருந்தது போல, கோப்பைத் திருப்பிக் காட்டினாள்.

டிசம்பர் தேதி. லூகிச் கேக் வாங்கிவந்த வாரம். "மகள் நச்சரித்து வாங்கிய கையெழுத்து அது, அதைத் திரும்பப் பெறுகிறேன். உடல் தளர்ந்துவிட்டது, என்னைப் பார்த்துக்கொள்ள அவளை விட்டால் ஆள் கிடையாது" என்று எழுதியிருக்கிறீர்கள். அழகான எழுத்து, ஓர் அடித்தல்கூட இல்லை. எனக்கு எழுதும் கடிதங்களைத்தான் கிழித்துக் கிழித்து எழுதுவீர்கள் போலிருக்கிறது.

ஜனவரியில் உங்கள் கையெழுத்துதான் என் பலம் என்று எழுதினேனே. அதைப் படித்துவிட்டு எப்படி உங்களால் எனக்குப் பதில் எழுத முடிந்தது? இதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் கையெழுத்துப் போட மறுத்திருந்தால் உங்களை வெறுத்துவிட்டு எஃபிமிடம் வேறு வழி பார்க்கச் சொல்லியிருப்பேன். போட்டுக் கொடுத்து, என் நன்றியையும் வாங்கிக்கொண்டு, அப்புறம் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டீர்கள்.

கிரிஷா தொலைபேசியில் கூப்பிட்டான், பாஸ்டனிலிருந்து. "தாத்தாவால ஒண்ணும் முடியலயாம்மா?" என்று கேட்டான். "அவரு என்னடா பண்ணுவாரு, அவரால ஆனதப் பண்ணிட்டாரு" என்றேன். உங்களைக் காப்பாற்ற அப்படிச் சொல்லவில்லை. என்னை விட்டு அத்தனை தூரத்தில் இருக்கிற பிள்ளை, அவனுக்கு இதுவும் வேண்டாமே என்றுதான்.

உங்கள் தாளில் இருந்ததை நான் முழுவதும் பொய் என்று நினைக்கவில்லை. அறுபத்தைந்து வயது, தனியாள். சரி, போக விடவில்லை, போய் அப்பாவையாவது பார்த்துக்கொள்வோம் என்று உங்கள் ஊருக்குள் வர அனுமதி கேட்டேன். வெளியேற விண்ணப்பித்தவளுக்கு ரகசிய வேலைக்காக வெளியாருக்கு மூடிய ஊருக்குள் இடமில்லையாம். என்னை வெளிநாட்டுக்குப் போகவிடாததற்குக் காரணம் உங்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது, உங்களிடம் வரவிடாததற்குக் காரணம் நான் அங்கே போகக் கேட்டது. அனுமதி அலுவலகச் சாளரத்தில் இருந்தவர் நல்ல மனிதர். கடைசியில் ஒரு தாளை நீட்டினார். "அந்த ஊர்ல இருக்கற உங்கப்பா, 'மக எம் பொறுப்பு'ன்னு சொல்லி இதுல கையெழுத்துப் போட்டுட்டா உள்ள விட்ருவாங்க" என்றார்.

அந்தத் தாளை அங்கேயே மேசைமேல் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரிம்மா